தகடு மாற்றும் வேலை

டவுன்ஸ்வில், நவம்பர். வந்துவிட்டேன் வந்துவிட்டேன் என்று
மூன்று வாரமாகப் பொய் சொல்கிறது மழை.
நகராட்சி வண்டியில் ஏணி, திருப்புளி,
நாற்பத்தொரு புதுத் தகடு.
மில்லெட்டியா என்றிருப்பதைக் கழற்றிவிட்டு
பொங்கேமியா என்று மாட்ட வேண்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன்
பொங்கேமியாவைக் கழற்றி மில்லெட்டியா மாட்டியதும்
இதே கைதான்.
அறிஞர்கள் மனம் மாறினால் எனக்கு ஓவர்டைம்.

மில்லெட், சீனத் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்தவராம்.
இந்த நிழலில் ஒருநாளாவது உட்கார்ந்தாரா, தெரியாது.
பொங்கேமியா கதை வேறு.
மலபார்க் கரையில், பெயர் பதியாத எவனோ
புங்கம் என்று சொல்லியிருக்கிறான்.
டச்சுக்காரர் ஏடு கேட்ட மாதிரி எழுதிக்கொண்டது.
லத்தீன் ஒரு வாலை ஒட்டியது.
வாலைத் தூக்கிப் பார்த்தால், புங்கை.
முதல்முறை ஏணி உச்சியில் சிரித்துவிட்டேன்.
கீழே பிடித்திருந்த வெஸ்லி, என்ன, என்றான்.
தெரிந்தவர், என்றேன்.

வெஸ்லிக்கு இந்த மரத்தின் இன்னொரு பெயர் தெரியும்,
இந்த மண்ணிலேயே முளைத்தது.
ஒருமுறை சொன்னான், மெதுவாக, இரண்டு தரம்.
தகட்டில் அதற்குக் கட்டம் ஒதுக்கவில்லை.
இங்கும் நான் எழுதப்போவதில்லை;
எழுதிக்கொள்ளத் தந்ததில்லை அது.
கட்டம் கேட்டு மனுப் போட்டிருக்கிறான்.
மூன்றாவது மனு.

கடற்கரைப் பக்கம் கணக்கு தலைகீழ்.
சவுக்கை நம்மூர் மரம் என்றே நினைத்திருந்தேன்:
பந்தக்கால், சாரம், அடுப்பு.
இதுதான் அதற்குத் தாய்வீடு.
கப்பலில் வந்தவர்கள் அறுத்துப் பார்த்து
ஓக் மாதிரிதான், ஒரு மாற்றுக் குறைவு என்று
பெண் ஓக் ஆக்கினார்கள்.
நாம் கொண்டுபோய்ச் சாட்டையின் பெயரை வைத்தோம்,
அதையும் பாரசீகத்தில் கடன் வாங்கி.
யாரும் யாரையும் கேட்க முடியாது.

முப்பத்திரண்டாவது மரம். வாசலில் திருமதி லிண்ட்க்விஸ்ட்.
காய் விழுந்து கார் பாழாகிறது, வெட்ட முடியுமா?
புகார்ப் படிவம் எடுத்தேன்.
பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பிறகு தானாகவே:
லிண்டன் மரத்துச் சிறுகிளை என்று அர்த்தம். ஸ்வீடிஷ்.
என் புருஷனின் முப்பாட்டன் இருந்த பட்டாளத்தில்
ஆண்டர்ஸ் மகன் என்று ஆறு பேர்.
கூப்பிட்டால் ஆறு பேரும் வந்து நிற்பார்களாம்.
அதனால் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை.
விசாப் படிவத்தில் குடும்பப்பெயர் என்றொரு கட்டம்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
முன்னால் ஒற்றை எழுத்தாய் நின்ற அப்பா
முழுசாக நீண்டு, பின்னால் போய் உட்கார்ந்தார்.
ஆஸ்பத்திரியில், பேங்க்கில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.
அவர் செத்த வாரமும் கூப்பிட்டார்கள்.
நான் எழுந்து போனேன்.

என் சட்டைப்பை அட்டையை அவள் உடைத்து உடைத்துப் படித்தாள்:
ம ரு த முத் து.
இதற்கும் அர்த்தம் உண்டா?
முத்து சுலபம். மருது, ஒரு மரம்.
ஆற்றங்கரையில் நிற்கும், பட்டை வெளுப்பு,
நெஞ்சுவலிக்குக் கஷாயம்.
சொல்லும்போதுதான் உறைத்தது.
வயலும் வயல் சார்ந்த இடமும் என்று ஒப்பித்து
இரண்டு மார்க் வாங்கியவள் நான்.
வீட்டில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நடமாடினார்,
நான் 'எம்' என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டேன்.

அது இங்கே வளருமா?
பார்த்ததில்லை. கடற்கரையில் வாதுமை இருக்கிறதே,
இலை சிவந்து உதிருமே, அது பங்காளி முறை.
ஓ, அதுவும் காய் போடும், என்றாள்.

புகாரை அவள் திரும்பப் பெறவில்லை.
மரத்தின் பெயர் என்ற இடத்தில்
பழையதா புதியதா என்று பேனா நின்றது.
புங்கை என்று தமிழிலேயே எழுதினேன்.
ஆபீசில் ஒருவருக்கும் வாசிக்க வராது.
வெட்ட உத்தரவு போடுமுன்
என்னைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும்.
கூப்பிடுவார்கள்,
அப்பா பெயரைச் சொல்லி.